ஏட்டில் ஏறாத பெயர்கள்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்

கிராம நிர்வாகத்தில் எந்தக் காரியமும் ஒரு காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது. குடிநீர்க் குழாய் போட வேண்டுமாயினும், பாதையைச் செப்பனிட வேண்டுமாயினும், ஆதரவற்ற முதியவர் ஒருவருக்கு உதவித் தொகை கிடைக்க வேண்டுமாயினும், யாரேனும் ஒருவர் அதனை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் பின்னரே அலுவலர் பார்வையிடுகிறார், நிதி ஒதுக்கப்படுகிறது, வேலை நடைபெறுகிறது. வாயால் சொன்ன குறை காற்றோடு போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வது அலுவலகங்களைப் பொறுத்த வரையில் முற்றிலும் உண்மையாகும்.

இதனால் விளையும் ஒரு தீமையை நாம் எளிதில் உணர்வதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் வாழும் தெருவின் குறைகள் அலுவலகத்திற்கு வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்கள் வாழும் தெருவில் குறையே இல்லை போலத் தோன்றுகிறது. உண்மையில் குறைகள் மிகுதியாக இருப்பது அங்கேதான். யாரும் யாரையும் வேண்டுமென்று ஒதுக்காத இடத்திலும் இவ்விதம் ஏற்றத்தாழ்வு வளர்ந்துவிடுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80.09 விழுக்காடு. ஆண்களில் இது 86.77 விழுக்காடாக இருக்க, பெண்களில் 73.44 விழுக்காடாகவே இருந்தது. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் ஊரிலேயே, நம் வயலிலேயே வேலை செய்பவர்கள்.

இன்று அநேகமாக ஒவ்வோர் ஊரிலும் கல்லூரி மாணவர்களும் பட்டதாரிகளும் இருக்கின்றனர். தம் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர்களும் அவர்களுள் பலர். அவர்களுடைய கல்வி ஊரின் சமத்துவத்திற்கு எவ்வாறு பயன்படக் கூடும் என்பதையும், அதற்கு ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் எவ்விதம் துணை நிற்கலாம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் காட்டிய வழி

எழுத்தைச் சமத்துவத்திற்குப் பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொல்லி வந்த தம் சாதிப் பெயரையே அதற்குத் தலைப்பாக வைத்து, அப்பெயர் உடையோரும் தலை நிமிர்ந்து பேச முடியும் என்று காட்டினார். சித்த மருத்துவரும் தமிழறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைச் சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டார். ஏழையும் வாங்கக் கூடிய விலை என்பது அப்பெயரிலேயே விளங்கும். பின்னர் ‘தமிழன்’ என்று பெயர் மாறிய அவ்விதழை, 1914-இல் மறையும் வரை அவர் நடத்தி வந்தார்.

பம்பாயில் பட்டம் பெற்று அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் உயர்கல்வி கற்ற டாக்டர் அம்பேத்கர் அவர்கள், 1920-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் ‘மூக்நாயக்’ என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். ‘வாய் பேசாதோரின் தலைவன்’ என்பது அப்பெயரின் பொருள். தமக்குக் கிடைத்த கல்வியைக் கொண்டு, பேச இடமில்லாதவர்களுக்காகப் பேசுவதே அவர் மேற்கொண்ட முதற் பணிகளுள் ஒன்றாக இருந்தது.

பத்திரிகையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக இருந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுத் தெருக்களையும் பொதுக் கிணறுகளையும் அலுவலகங்களையும் எல்லா வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டில் கொண்டு வந்து நிறைவேற்றச் செய்தார். பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. அதனைப் பின்பற்றி மகாட் நகராட்சி 1924-இல் தன் ஊரின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆயினும் நடைமுறையில் எவரும் இறங்கவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் அவர்கள் மக்கள் திரளுடன் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். அதனை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1937-இல், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவ்வழக்கு தாழ்த்தப்பட்டோர் பக்கமே முடிந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. தீர்மானம் எழுதிவிட்டால் மட்டும் உரிமை கைக்கு வந்துவிடாது. அதனைச் செயலாக்க மக்கள் நடந்து செல்ல வேண்டும். அவ்வாறு நடந்து செல்பவர்கள் காலூன்றி நிற்பதற்கோ, எழுதி வைத்த ஒரு வரி தேவைப்படுகிறது.

புதுக்கோட்டையில் கண்டது

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கப் பெற்றது. மாவட்ட நிர்வாகமும், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற தன்னார்வ அமைப்புகளும் அதில் கைகோத்தன. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தார். ஊர்தோறும் படித்த இளைஞர்களும் இளம் பெண்களும் ஊதியமின்றிக் கற்பித்தனர். கல் உடைக்கும் பெண்கள், நடவு நடும் பெண்கள், பூப் பறிக்கும் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றனர். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அவ்வியக்கம் இன்றும் பேசப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் பிறந்து வளர்ந்தது அம்மாவட்டத்தில்தான். அப்போது நான் தொடக்கப் பள்ளி மாணவன். பிளஸ் டூ முடித்திருந்த என் பெரியப்பா மகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். வயல் வேலை முடித்து, அடுப்பு வேலையையும் முடித்துவிட்டு, ஒன்பது மணிக்குத்தான் பெண்கள் வருவார்கள். அவர்களுள் ஒருவர் தம் பெயரைப் பலகையில் எழுதுவார், அழிப்பார், மறுபடியும் எழுதுவார். அவ்வளவு நேரமும் வேறு எதையும் எழுத மாட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகளாகப் பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்து வந்தவர் அவர். முதன் முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்து கொடுத்தார். அந்த வாழைப்பழத்தின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. அரசுப் பணிக்கு வந்த பிறகே விளங்கிற்று.

எழுதக் கற்றவர்களுள் பலர் அடுத்த படியாக மனுக்கள் எழுதத் தலைப்பட்டனர். தெரு விளக்கு, சுடுகாட்டுப் பாதை, பேருந்து வசதி ஆகியவற்றுக்காகப் பெண்கள் தாமே கையெழுத்திட்ட மனுவுடன் ஆட்சியர் அலுவலகத்திற்குச் சென்றனர். எழுத்தறிவு உரிமையறிவாக மாறிய இடம் அது.

நான் கையெழுத்திட்ட ஒரு பட்டியல்

இனி, என் பணிக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அதில் என் பிழையும் உண்டு.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒன்றியத்தில் விரிவாக்க அலுவலராக இருந்தேன். கோடைக்கு முன் செய்ய வேண்டிய குடிநீர்ப் பணிகளின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்திருந்த மனுக்களையும் தீர்மானங்களையும் வைத்துப் பட்டியலிட்டேன். ஓர் ஊராட்சியின் தாய்க் கிராமத்திலிருந்து மட்டும் மூன்று மனுக்கள் வந்திருந்தன, மூன்றையும் சேர்த்தேன். அதே ஊராட்சியில், ஓடைக்கு அப்பால் 34 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து ஒரு மனுவும் இல்லை. ஆகவே அக்குடியிருப்பு பட்டியலில் இடம் பெறவில்லை. நான் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

மே மாதத்தில் வேறு வேலையாக அவ்வழியே சென்றபோது, வெயிலில் பெண்கள் குடங்களுடன் வரப்பின் மேல் நடந்து செல்வதைக் கண்டேன். ஒரு விவசாயியின் பம்புசெட்டிலிருந்து அவர்கள் நீர் எடுத்து வந்தனர். மின்சாரம் நின்றுவிட்டால் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் அலுவலகத்தைச் சேர்ந்தவன் என்று அறிந்த ஒரு மூதாட்டி, “எங்க ஊரு பேரு உங்க ஏட்டுல இருக்குதா தம்பி?” என்று கேட்டார். நான் “பார்க்கிறேன் அம்மா” என்றேன். பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இல்லை என்பது எனக்கே தெரியும்.

அக்குடியிருப்பில் ஒரு பெண் அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் மாணவி அவர். நான் சென்று வந்த மறு வாரம் அவர் ஒரு மனுவை எழுதினார். முதலில் எழுதியது இரண்டு பக்கம் நீண்டது. துயரமும் கோபமும் நிறைந்தது. அதனை ஊரார் முன் படித்துக் காட்டியபோது அதே மூதாட்டி, “நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா எத்தனை வீடு, எத்தனை குடம், எவ்வளவு தூரம்னு ஒண்ணும் காணோமே” என்றாராம். மாணவி மறு நாள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். 34 வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் நாளொன்றுக்குச் சராசரி ஆறு குடங்கள், போக வர இரண்டரைக் கிலோமீட்டர், பள்ளிக்குச் செல்லும் ஒன்பது சிறுமியர் காலையில் தண்ணீர் எடுத்துவிட்டுத் தாமதமாகப் பள்ளி சேர்கின்றனர். இந்த நான்கு செய்திகளும் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டன. எந்த அலுவலரும் மறுக்க முடியாத மனுவாக அது அமைந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் அக்கோரிக்கை வைக்கப்பட்டது. சிறிய குடியிருப்புக்கு இவ்வளவு செலவா என்று சிலர் தயங்கினர். அப்போது அந்தப் பம்புசெட்டின் சொந்தக்காரரான விவசாயி எழுந்து, “இத்தனை வருஷமா எங்கிட்டத் தண்ணி எடுக்கிறாங்க. நான் குடுக்குறேன், சரி. ஆனா அவங்க என்னை நம்பியே ஏன் இருக்கணும்? நானும் கையெழுத்துப் போடுறேன்” என்றார். தீர்மானம் நிறைவேறியது. பதினான்கு மாதங்கள் கழித்து அங்கே மின்விசைப் பம்பும் தொட்டியும் அமைந்தன.

அதே குடியிருப்பினர் சுடுகாட்டுப் பாதைக்காகக் கொடுத்த அடுத்த மனு அவ்வளவு விரைவில் பலிக்கவில்லை. இடையில் பட்டா நிலம் இருந்தது. நான் அங்கிருந்து மாறுதலாகி வரும் வரையில் அது முடிவடையவில்லை. எழுதியது எல்லாம் உடனே நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது மனுவை எழுதியவர் அம்மாணவி அல்லர். அவரிடம் கற்றுக்கொண்ட ஓர் அம்மையார், தம் கையாலேயே அதனை எழுதியிருந்தார்.

படித்த இளைஞர் எழுதக் கூடியவை

முதலாவது, மனு அல்லது மகஜர். நல்ல மனு ஒரு பக்கத்திற்கு மேற்பட வேண்டியதில்லை. யாருக்கு, எந்த இடத்தில், என்ன குறை, எவ்வளவு காலமாக, எத்தனை பேருக்கு, என்ன செய்ய வேண்டும் என்னும் ஆறு கேள்விகளுக்கு விடை அதில் இருந்தால் போதும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கையே இருத்தல் நலம். எழுதியவுடன் அதனைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் ஒப்பிய பின்னரே கையெழுத்தோ ரேகையோ பெற வேண்டும். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் பெற வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுவைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கிராம சபைத் தீர்மானம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை நடந்து வந்த கிராம சபை, 2022 முதல் ஆறு முறை கூட்டப்படுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். கூட்டத்தில் பேசிவிட்டு வந்தால் போதாது. பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். கோரிக்கையை இரண்டு மூன்று வரிகளில் முன்கூட்டியே எழுதிக் கொண்டு வந்து கொடுத்தால், எழுத்தருக்கும் எளிது, பொருளும் மாறாது. கூட்டம் முடியுமுன் தீர்மானங்களைப் படித்துக் காட்டுமாறு இளைஞர்கள் பணிவுடன் கேட்கலாம்.

மூன்றாவது, தகவல் கோரும் விண்ணப்பம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் கட்டணத்துடன் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அக்கட்டணமும் இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எழுத இயலாதவர் வாயால் கேட்டால், அதனை எழுத்தில் வடிக்கத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உள்ளது. பயனாளிகள் பட்டியலில் ஒருவர் பெயர் ஏன் இல்லை என்று சண்டையிடுவதைவிட, அப்பட்டியலையும் தேர்வு விதிகளையும் கேட்டு வாங்கிப் படிப்பது நற்பயன் தரும்.

நான்காவது, சுவர்ப் பத்திரிகை. நூலகச் சுவரிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ மாதம் ஒரு முறை பெரிய தாளில் கையால் எழுதி ஒட்டலாம். அடுத்த கிராம சபையின் நாள், விண்ணப்பிக்க வேண்டிய திட்டங்கள், சென்ற கூட்டத்துத் தீர்மானங்களின் நிலை ஆகியவற்றைத் தெளிவான பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ‘இன்னும் எட்டாதவை’ என்று ஒரு பகுதியை ஒதுக்கி, எந்தத் தெருவுக்கு எது வரவில்லை என்று குறிக்கலாம். தனிமனிதர்களைத் தூற்றுவதும், ஒருவருடைய ஆதார் எண், நோய் போன்ற சொந்த விவரங்களை வெளியிடுவதும் கூடவே கூடாது. மாதம் ஒரு முறை அதனைத் தெருமுனையில் நின்று உரக்கப் படிக்கவும் வேண்டும். இல்லையேல் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அதுவும் பயன்படும்.

உழவர்களுக்கு ஒரு செய்தி

எழுத்தில் இல்லாமையால் இழப்படைவோர் உழவர்களிலும் உண்டு. வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவர் அவருள் முதன்மையானவர். வெள்ளமோ வறட்சியோ வந்து நிவாரணம் அறிவிக்கப்படும் நாளில், பயிரிட்டவர் தாமே என்று மெய்ப்பிக்க அவரிடம் ஒரு சீட்டும் இருப்பதில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்று தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன்படி விண்ணப்பம் எழுதத் துணை செய்வது பட்டதாரி இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக் கூடிய உதவியாகும்.

பெண் விவசாயிகளின் நிலையும் இத்தகையதே. விதைப்பு முதல் அறுவடை வரை வயலில் நிற்பவர் மனைவி. பட்டாவில் இருப்பதோ கணவர் பெயர், அல்லது மறைந்துவிட்ட மாமனார் பெயர். வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் காலத்தில் எழுதிக் கொடுக்கப்படாமையால், கணவரை இழந்த பெண் கடன் பெறவும் இயலாமல், மானியம் பெறவும் இயலாமல் நிற்கிறார். தம் நிலத்தில் வேலை செய்யும் கூலியாட்களின் குடும்பங்களில் இத்தகைய குறை உண்டா என்று நிலமுடையோரும் கேட்டறிந்து, படித்த பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யலாம். பம்புசெட்டுக்காரர் இட்ட கையெழுத்து ஒரு தீர்மானத்தையே நிமிர்த்தியதை மேலே கண்டோம்.

சொல்லிலும் சமத்துவம் வேண்டும்

எழுதும்போது எந்தச் சொல்லால் எழுதுகிறோம் என்பதும் கருதத் தக்கது. பழைய பதிவேடுகளைப் புரட்டினால், உடற்குறையையே ஒருவரது பெயராக எழுதியிருப்பதைக் காணலாம். இன்று மாற்றுத்திறனாளி என்றும், திருநங்கை என்றும் எழுதுகிறோம். தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் பகுதியைக் குறித்து வந்த ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஒரு தெருவை அங்கு வாழ்வோர் விரும்பும் பெயரால் எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதனால் அங்கு வளரும் குழந்தை தன் முகவரியைப் பள்ளியில் கூசாமல் சொல்லும்.

அதே 2025-ஆம் ஆண்டில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்ப்பதற்கான சட்டத் திருத்தத்தையும் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பார்வையற்ற உறுப்பினர் ஒருவருக்குப் பொருள் நிரலை முன்னாளிலேயே படித்துக் காட்டவும், காது கேளாதவருக்குக் கூட்டத்தின் பேச்சை உடனுக்குடன் எழுதிக் காட்டவும் ஒரு மாணவர் அருகில் இருந்தால், அந்த உறுப்பினரின் இருக்கை வெறும் இருக்கையாக இராது.

எச்சரிக்கை சில

எழுதிக் கொடுப்பவர் எசமானராகிவிடக் கூடாது. மனுவுக்குக் கூலி கேட்பதும், கட்சிச் சார்பு பார்ப்பதும், தமக்கு வேண்டியவரை மட்டும் சேர்ப்பதும் இப்பணியைக் கெடுத்துவிடும். பிறர் குறையை அவர்களைக் கேளாமலே தம் விருப்பப்படி எழுதுவதும் தவறு. மூதாட்டி திருத்திய பிறகே மாணவியின் மனு சிறந்தது என்பதை மறவாதிருப்போமாக. எண்களை மிகைப்படுத்தி எழுதினால், தணிக்கையில் ஒரு பொய் வெளிப்படும்போது ஒன்பது உண்மைகளும் அதனோடு சேர்ந்து தள்ளுபடியாகும். முடிவில், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதக் கற்பிப்பதே இவ்வுதவியின் நிறைவாகும்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

ஊராட்சி உறுப்பினர்களே, இப்பணிக்குப் பெரு நிதி எதுவும் தேவையில்லை. வாரம் ஒரு மாலை ஊராட்சி அலுவலகத்தையோ நூலகத்தையோ திறந்து வைத்து, மேசையும் விளக்கும் கொடுங்கள். உங்கள் வார்டில் கல்லூரியில் படிப்பவர், படித்து முடித்தவர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, நேரில் அழைத்துச் சொல்லுங்கள். 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் தொடங்கப் பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள் ஏழு நாள் முகாமுக்கு உங்கள் ஊருக்கு வருவார்களாயின், தெருவைத் துப்புரவு செய்வதோடு, இரண்டு மாலைகள் மனு எழுதும் பணியையும் அவர்களுக்கு ஒதுக்குங்கள். தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வருகிற இளைஞரை ஐயத்துடன் நோக்காதீர்கள். கேள்வி கேட்பவர் பகைவர் அல்லர். உங்கள் வேலையில் பாதியை அவரே செய்து தருகிறார்.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாட்கள் உள்ளன. அதற்குள் ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊராட்சியின் எல்லாக் குடியிருப்புகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தக் குடியிருப்பிலிருந்து மனு வந்துள்ளது என்று எதிரே குறித்துப் பார்க்க வேண்டுகிறேன். எதிரில் ஒன்றும் எழுத இயலாத பெயர் ஒன்று அநேகமாக இருக்கும். குறையில்லாத ஊர் என்று அதனை எண்ணிவிட வேண்டாம். நான் ஒரு முறை அவ்வாறு எண்ணிக் கையெழுத்திட்டேன். 34 வீட்டுப் பெண்கள் ஒரு கோடை முழுவதும் அதன் சுமையைத் தலையில் சுமந்தார்கள். படித்த இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு, முதலில் அங்கே சென்று வாருங்கள்.